தாமிரபரணிக் கரை ஊர்: மடை, குளம், கோரை, கொடிக்கால்

கரைக்குறிப்பு:
ஆற்றங்கரைச் சிற்றூரின் வரலாறு என்று எழுதப்படுபவை பெரும்பாலும் தலபுராணத்தில் தொடங்கி, கோயில் கல்வெட்டில் கொஞ்சம் இளைப்பாறி, ஜமீனோடு முடிந்துவிடுகின்றன. அன்றாட வாழ்க்கை அவற்றில் வருவதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். தண்ணீரை யார் திறந்தார்கள், எந்தப் பருவத்தில் என்ன விதைத்தார்கள், வயல் சும்மா கிடக்கும் மாதங்களில் என்ன தொழில், இவற்றை விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பெருமைப் பேச்சு வேண்டாம். முறை என்ன, அளவு என்ன, எங்கே பிசகும் என்பதுதான் வேண்டும்.

கடைமடை:
ஆற்றிலிருந்து தொடங்கினால் ஒன்றும் பிடிபடாது. மடையிலிருந்து தொடங்க வேண்டும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் வரை இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து கீழாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. கடைசியானது 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டியது. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிகின்றன. மொத்தப் பாசனம் சுமார் 86,000 ஏக்கர். அதில் நேரடியாகக் கால்வாய்த் தண்ணீர் குடிக்கும் வயலும் உண்டு, கால்வாய் நிரப்பும் குளத்தின் வழியாகக் குடிக்கும் வயலும் உண்டு. இந்த இரண்டும் வேறு வேறு வாழ்க்கை. ஓர் ஊரைப் பற்றி எழுதுமுன் அது எந்த அணைக்கட்டு, எந்தக் கால், எத்தனையாவது மடை, நேரடிப் பாசனமா குளத்துப் பாசனமா என்று நான்கையும் எழுதிவிடுங்கள். மீதி வரலாற்றில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

மலையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். அதனால்தான் இங்கே இரண்டு நெல்: ஜூன் வாக்கில் தொடங்கும் கார், ஐப்பசியை ஒட்டித் தொடங்கும் பிசானம். காருக்குக் குறுகிய வயது ரகம் வேண்டும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 அப்படிப் பரவியதுதான், 110 நாளை ஒட்டிய வயது, தடித்த அரிசி. பிசானத்துக்கு நீண்ட வயது ரகம் தாங்கும். அணையில் நீர் குறைந்த ஆண்டில் கார் சாகுபடியை மேல் அணைக்கட்டுகளோடு நிறுத்திவிடுவார்கள். மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் அந்த ஆண்டு பிசானம் ஒன்றுதான். ஒரே ஆறு, ஒரே மாவட்டம் என்றிருந்த காலத்திலும், மேலே இரண்டு போகம், கீழே ஒரு போகம்.

புதுக்கால்:
ஒரு சந்தேகம். வீட்டுக் கொல்லையிலேயே ஆறு ஓடும் ஊருக்குமா தண்ணீர்ப் பஞ்சம் வரும்?

கடைமடை:
வரும். ஆற்றின் படுகை வயலைவிடத் தாழ்வு. ஏற்றமோ மோட்டாரோ இல்லாமல் அந்தத் தண்ணீர் வயலேறாது. கால்வாயின் தந்திரமே சரிவில் இருக்கிறது. ஆறு வேகமாக இறங்கும், கால்வாயை அதைவிட மெதுவாக இறங்கும்படி வெட்டுவார்கள். சில மைல் போனதும் கால்வாயின் மட்டம் ஆற்றைவிட உயர்ந்து நிற்கும். அங்கிருந்துதான் வயலுக்குப் பாயும். ஆகவே ஓர் ஊருக்குத் தண்ணீர் தரும் அணைக்கட்டு அந்த ஊரில் இருக்காது, மேலே எங்கோ இருக்கும். ஊரை ஒட்டியே அணைக்கட்டு இருந்தால் அதன் தண்ணீர் பெரும்பாலும் அடுத்த ஊர்களுக்கு. ஊர்ப் பெயரைப் பார்த்துப் பாசனத்தை ஊகிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுவார்கள்.

மதகுப்பலகை:
அணைக்கட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். இவை நீரைத் தேக்கும் அணைகள் அல்ல, திருப்பிவிடும் சுவர்கள். தேக்குவது மேலே பாபநாசம் (143 அடி), சேர்வலாறு, மணிமுத்தாறு (118 அடி, 1958). மருதூர் அணைக்கட்டு குதிரை லாட வடிவில் வளைந்து கிடக்கும், எட்டிலும் அதுதான் நீளம்.

சுவரின் ஓரத்தில், கால்வாய்த் தலைமதகை ஒட்டி, மணல்போக்கி மதகு இருக்கும். பருவத்தின் முதல் வெள்ளத்தில் அதைத் திறந்துவிட வேண்டும். அடியில் உருண்டு வரும் மணல் ஆற்றோடு போய்விடும். அதைத் திறக்காமல் தலைமதகை மட்டும் திறந்தால் மணல் நேராகக் கால்வாய்க்குள் வரும். கால்வாயில் வேகம் குறைவு என்பதால் முதல் சில நூறு அடியிலேயே படிந்துவிடும். தலையில் ஓரடி மண் மேடிட்டால் கடைமடைக்குப் போகிற நீரில் பெருவாரி குறையும். ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டுக்கு மேலேயே இப்படி மண் சேர்ந்து காடாகிப் போனதுதான் 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்த் தூர்வாரும் நிலைக்கு வந்தது.

நாழிகைவட்டில்:
இனி ஆட்களுக்கு வருவோம். மடையைத் திறந்து மூடுகிறவர் நீர்பாய்ச்சி. மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். அவர் கூலியாள் அல்ல, பொறுப்பாளர். எந்த வயலுக்கு எப்போது நீர், எவ்வளவு நேரம் என்பது அவர் கையில். நிலத்துக்குச் சொந்தக்காரர் மண்வெட்டியோடு போய்த் தன் வாய்மடையைத் தானே வெட்டிக்கொள்ளக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கூலி பணமாக இல்லை, அறுவடைக் களத்தில் நெல்லாக. கடைசி வயல் விளைந்தால்தான் அவருக்கும் முழுக்கூலி. அந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் இதுதான்.

கணக்கு தெரிய வேண்டுமானால்: ஓர் ஏக்கரில் 5 செ.மீ. நீர் நிறுத்த சுமார் 200 கன மீட்டர் வேண்டும். மடையில் நொடிக்கு ஒரு கன அடி ஓடினால் ஏறத்தாழ 2 மணி நேரம், அதாவது 5 நாழிகை. இது கசிவே இல்லாத கணக்கு. மண் வாய்க்காலில், அதுவும் காய்ந்து கிடந்த வாய்க்காலில், முதல் நனைப்புக்கே கணிசமாக உறிஞ்சும். அதனால் முறை வைக்கும்போது மேலிருந்து கீழாக வரிசை குலையாமல் போக வேண்டும். இடையில் ஒருவரை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்தால் வாய்க்கால் இரண்டு முறை நனையும், நஷ்டம் கடைசி ஆளுக்கு. பஞ்ச காலத்தில் இதையே தலைகீழாக்கி, கடைமடையிலிருந்து முறை தொடங்கிய ஊர்களும் உண்டு. மேல்மடைக்காரர் இரவில் திருட முடியாது என்பதற்காக அல்ல. திருடினால் உடனே தெரிந்துவிடும் என்பதற்காக.

வடகால்:
நாழிகைவட்டில் சொன்னதில் ஒரு பகுதியை மெருகேற்றிவிட்டார். பொறுப்பாளர் என்பது சரி. ஆனால் அந்தப் பொறுப்பு பரம்பரையாக ஒரு சாதிக்கு விதிக்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் பள்ளர் சமூகத்துக்கு. மடையைப் பற்றிய முழு அறிவும் அவர்களிடம், நிலமோ வேறு சாதிகளிடம், கோயில்களிடம், மடங்களிடம். மடை திறக்கிறவர் குளிக்கும் படித்துறை தனியாக, கீழே. படித்துறைகள் எந்த வரிசையில் இருந்தன என்று கேட்டால் ஊரின் சமூக வரலாறு வந்துவிடும். நீரோட்டத்தில் மேலே இருந்தவர் யார், கீழே இருந்தவர் யார் என்பது தற்செயல் அல்ல.

குளத்தையும் வாய்க்காலையும் ஊராரே பராமரிக்கும் குடிமராமத்தும் அப்படித்தான். ஊர் கூடிச் செய்த பணி என்று இப்போது பேசுகிறார்கள். வெட்டியது யார், மேற்பார்த்தது யார் என்று பிரித்து எழுதுங்கள். மதராஸ் அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுத்தான் அதைக் காக்க முயன்றது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் கொண்டுவந்தது நிதி ஒதுக்கிச் செய்த மராமத்துத் திட்டம். பெயர் ஒன்று, ஏற்பாடு வேறு.

நாழிகைவட்டில்:
ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. களத்து நெல் கூலியும் பண்ணையார் அளந்து போட்டதுதான், பேரம் பேசி வாங்கியதல்ல. அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மதகுப்பலகை:
குளத்துப் பாசன ஊர்களுக்கு வருகிறேன். ஸ்ரீவைகுண்டம் வடகாலின் கோரம்பள்ளம் குளம், தென்காலின் கடம்பாகுளம் போன்றவை கால்வாயிலிருந்து நிரம்புபவை. கவனிக்க வேண்டியவை மூன்று: மடை, கலிங்கு (மிகை நீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு), கரை.

பழைய மடை குமிழித்தூம்பு. குளத்துக்குள்ளே இரண்டு கல்தூண், நடுவே தொட்டி, அதன் மேல் துளை நீரோடி, அடியில் உள்ள சிறு துளை சேறோடி. மேல் துளையை அடைத்திருக்கும் கல்லையோ கட்டையையோ தூக்கினால் நீர் சுழன்று இறங்கும். அப்போது அடியில் சேறோடி வழியே வண்டலும் கலங்கி வெளியேறி வயலுக்கு உரமாகும். பிற்காலத்தில் கரையோரம் திருகு மதகு வைத்தார்கள். திறப்பது எளிது, ஆனால் சேறு வெளியேற வழியில்லை. மடைக்கு முன்னால் ஆண்டுக்கு ஆண்டு மண் ஏறி, குளத்தில் நீர் இருக்கும்போதே மடை வறண்டு போகும்.

கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். பருவம் முடியும் தறுவாயில் கல்லுக்குக் கல் பலகை கொடுத்து, களிமண் பூசி, நீர்மட்டத்தை ஓரிரு அடி உயர்த்திக்கொள்வதற்கு. அடைக்கும் நாளில்தான் சூட்சுமம் இருக்கிறது. மழை ஓயுமுன் அடைத்தால் அடுத்த வெள்ளம் கலிங்கில் போக வழியின்றிக் கரையை மேவும். மண்கரையை நீர் மேவினால் அப்புறம் காப்பாற்ற முடியாது.

புதுக்கால்:
கரையில் கசிவு கண்டால் என்ன செய்வார்கள்?

மதகுப்பலகை:
முதலில் நீரின் நிறம். தெளிவாகக் கசிந்தால் அவசரம் குறைவு. கலங்கி வந்தால் உள்ளிருந்து மண்ணைச் சுமந்து வருகிறது, அந்த இரவிலேயே உடைப்பு விழலாம். காரணம் பெரும்பாலும் நண்டு வளை, எலி வளை, அல்லது வெட்டிய மரத்தின் வேர் மக்கிப்போன பொந்து.

பிழையான வழி: வெளிப்பக்கம் தண்ணீர் வரும் ஓட்டையில் மண்ணைத் திணிப்பது. உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சரியான வழி: உட்பக்கம் நீர் உறிஞ்சப்படும் இடத்தைத் தேட வேண்டும். மேற்பரப்பில் சிறு சுழி தெரியும். தெரியாவிட்டால் தவிட்டைத் தூவினால் அது போகும் இடம் காட்டிக்கொடுக்கும். அந்த வாயில் வைக்கோல் கலந்த களிமண் உருண்டையை இறக்கி, மேலே மண்மூட்டை அடுக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் ஓட்டையை அடைக்காமல் அதைச் சுற்றி மண்மூட்டையால் கிணறுபோல் வளையம் கட்டி, நீர் அதற்குள் உயர்ந்து நிற்கும்படி விட வேண்டும். எதிரழுத்தம் கிடைக்கும், மண் அரிப்பு நிற்கும்.

கடைமடை:
2023 டிசம்பர் 17, 18-இல் நடந்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் சிக்கி நூற்றுக்கணக்கான பயணிகள் நின்றார்கள். குளக்கரைகள் பல இடங்களில் உடைந்தன. 1992 நவம்பர் வெள்ளம் மலையில் பெய்து அணை வழியாக வந்தது, ஆற்றோரம் தாக்கியது. 2023-இல் கடலோரச் சமவெளியிலும் கொட்டியதால், கடைமடைக் குளங்களுக்கு மேலிருந்து வந்த நீரும் தலைமேல் விழுந்த நீரும் ஒன்றாகச் சேர்ந்தன. வெள்ள மட்டம் குறிக்கும்போது இரண்டையும் ஒரே கோட்டில் போட்டு ஒப்பிடாதீர்கள். ஒன்று ஆற்றுவெள்ளம், மற்றது அதோடு குளத்து உடைப்பும் கலந்தது.

பாவும்ஊடையும்:
நெல்லையே பேசிக்கொண்டிருக்கிறோம். வாய்க்கால் கரையில், நீர் தேங்கும் ஓரங்களில் தானாக வளர்ந்த கோரைப்புல்தான் பாய்க்குப் பேர்போன பத்தமடையைப் பத்தமடை ஆக்கியது. கன்னடியன் கால் ஓடும் ஊர். லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், அவற்றிலும் பெண்கள்தான் பெரும்பாலும் நெய்பவர்கள். இது வயலுக்கு வெளியே நின்ற தொழில். ஆனால் ஓடும் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள்கூட நடக்காது.

சன்னப் பாய்க்கான முறை: கோரையைப் பச்சையாக, பழுத்து மஞ்சளாகுமுன் அறுக்க வேண்டும். முற்றினால் கீறும்போது ஒடியும். நீளவாக்கில் கீறி உள்ளே உள்ள சோற்றை (மெத்தென்ற நடுப்பகுதியை) நீக்கி வெயிலில் உலர்த்துவார்கள். அரைகுறையாகக் காய்ந்த கோரையில் மழை பட்டால் கறுப்புப் புள்ளி விழும், அது எந்தச் சாயத்திலும் மறையாது. பிறகு வேகவைத்து, ஓடும் நீரில் மூட்டையாகக் கட்டி 3 முதல் 7 நாள் ஊறப்போடுவார்கள். கோரை ஊதிப் பெருக்கும். மறுபடி காய்ச்சல். இதற்குப் பிறகுதான் அந்த நெகிழ்வு வரும். தேங்கிய நீரில் ஊறவைத்தால் அழுகல் வாடையும் நிறமாற்றமும் வரும். ஓடும் நீர் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

தறி தரையோடு கிடக்கும். நான்கு முளை, இரண்டு கட்டை, இடையில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், அதைத் தூக்கிப் பிடிக்க முக்காலி போன்ற தாங்கல். பாவு சாதாரணப் பாய்க்குப் பருத்தி நூல், பட்டுப்பாய்க்குப் பட்டு. துளையிட்ட அச்சுக்கட்டையை முன்னும் பின்னும் சாய்த்தால் பாவு பிரியும். நீண்ட குச்சியின் முனையில் கோரையை மாட்டி உள்ளே செலுத்தி, அச்சால் அடித்து இறுக்குவார்கள். ஒரு வரிசைக்கு அடிப்பக்கம் இடமிருந்து போனால், அடுத்ததற்கு வலமிருந்து போக வேண்டும். கோரை அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு. ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் பாய் கோணிவிடும். கோரை காய்ந்திருந்தால் ஒடியும், அதிகம் நனைந்திருந்தால் நெய்து முடித்துக் காயும்போது சுருங்கி இடைவெளி விழும். நீர் தெளித்த ஈரம் போதும். மிகச் சன்னமான ரகம் 100 முதல் 140 எண்ணம் வரை போகும், ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் வேலை.

வடகால்:
பத்தமடைப் பாய் என்று சந்தையில் விற்பதில் பெரும்பகுதி கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரைக் கோரையில் விசைத்தறியில் நெய்ததுதானே?

பாவும்ஊடையும்:
நிறைய. அது மோசமான பாய் அல்ல, வேறு பாய். அங்கே பெரும்பாலும் முழுக் கோரை, தடிப்பு. பத்தமடைச் சன்னப்பாய் கீறிய கோரை, துணிபோல் மடியும். புவிசார் குறியீடு உண்டு, ஆனால் கடையில் முத்திரையைவிடக் கையைத்தான் நம்ப வேண்டும்: குறுக்கே ஓடும் ஊடை உருண்டையாகத் தட்டுப்பட்டால் முழுக் கோரை. சிவப்புக்கு முன்பு பதிமுகக் கட்டையைக் காய்ச்சினார்கள். இப்போது பெரும்பாலும் ரசாயனச் சாயம்.

ஆத்தூரான்:
கடைமடையில் வெற்றிலையை விட்டுவிட்டால் எப்படி? தாமிரபரணி கடலை நெருங்கும் இடத்தில் ஆத்தூர் வெற்றிலை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்கு, அதாவது வெற்றிலைத் தோட்டத்துக்கு, முதலில் அகத்தி விதைப்பார்கள். ஏறத்தாழ 45 நாள் கழித்து, 3 முதல் 5 கணு உள்ள நுனிக்கொடியை அகத்தியின் காலடியில் நடவு. கொடி ஏற ஏற 15–20 செ.மீ. இடைவெளியில் வாழைநாரால் தளர்வாகக் கட்டு. இறுக்கிக் கட்டினால் கணு அழுகும். அகத்தி உயர்ந்ததும் தலையை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் கொடியோடு சாயும்.

பாத்திகளுக்கு நடுவே அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் வடிகால். இதில் சிக்கனம் பார்த்தவர்கள்தான் வாடல் நோயில் கொடிக்காலை இழப்பார்கள். வெற்றிலைக்கு ஈரம் எப்போதும் வேண்டும், ஆனால் நீர் ஒரு நாள் தேங்கினாலும் வேரழுகும். நெல்லுக்கு முறை வைத்த தண்ணீர் கொடிக்காலுக்குப் பொருந்தாது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். மடையில் இதனால் வந்த சண்டைகள் தனிக் கதை. பறித்த இலையைச் சக்கை, மாத்து, ராசி என்று தரம் பிரித்துக் கட்டுவது வீட்டு வேலையாக நடந்தது.

கரைக்குறிப்பு:
இவ்வளவும் வாய்மொழியாகத்தான் கிடைக்குமா? ஆவணத்தில் எங்கே பார்ப்பது?

நாழிகைவட்டில்:
கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் தொடங்குங்கள். புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, பாசன ஆதாரம், பரப்பு, தீர்வை என்று வரிசையாக இருக்கும். பாசன ஆதாரப் பத்தியை மட்டும் தனியே எழுதி வரைபடத்தில் நிறம் தீட்டினால் எந்த மடை எவ்வளவு நிலத்துக்குப் பாய்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். அடுத்து வாய்க்கால் புறம்போக்கு. இன்று வீடாகவோ சாலையாகவோ இருக்கும் ஒடுங்கிய நீண்ட புல எண்கள் பழைய கிளை வாய்க்கால்கள். புல வரைபடத்தில் அகலம் அளந்து பாருங்கள், தரையில் மிச்சம் இருப்பது தெரியும்.

பழைய பத்திரங்களில் ஏக்கர் வராது, கோட்டை விரைப்பாடு என்று வரும்: ஒரு கோட்டை விதை விதைக்கும் பரப்பு. திருநெல்வேலிச் சீமையில் கோட்டைக்கு 21 மரக்கால். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் மாறும், மண்ணுக்கு ஏற்ப விதையளவும் மாறும். ஆகவே புத்தக வாய்ப்பாட்டை வைத்து ஏக்கராக மாற்றாதீர்கள். அதே ஊரில், எல்லை மாறாத ஒரு வயலின் பழைய பத்திரத்தையும் இன்றைய பட்டாவையும் பக்கத்தில் வைத்து அந்த ஊருக்கான விகிதத்தை எடுங்கள். குறைந்தது மூன்று வயலாவது பாருங்கள், ஒன்றில் கைமாற்றமோ ஆற்று அரிப்போ நடந்திருக்கலாம்.

கரைக்குறிப்பு:
அரிப்பு நடந்த வயலை எப்படி அடையாளம் காண்பது?

நாழிகைவட்டில்:
பத்திரத்தின் நான்கெல்லையில் "ஆற்றுக்கு வடக்கு" என்று இருக்கும், பட்டாவிலோ பரப்பு குறைந்திருக்கும். பக்கத்துப் புலம் ஆற்றுப் புறம்போக்காக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வயலை விகிதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.